கல்லும் காணியும்

நுழையும்முன்

போருக்குச் சென்றவருள் சிலர் திரும்புவதில்லை. திரும்பியவருள் சிலர் உடல் ஊனமுற்றும் பிழைக்கும் வழி இழந்தும் ஊர் சேர்கின்றனர். இவ்விரு சாரார்க்கும் சமூகம் கடன்பட்டுள்ளது. அக்கடனைப் பழந்தமிழர் எவ்வாறு தீர்த்தனர்? இன்றைய உலக நாடுகள் எவ்வாறு தீர்க்கின்றன? எங்கே தவறின? மதுரையைச் சூழ்ந்த வைகைச் சமவெளியிலிருந்து தொடங்கி, இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

வைகைக் கரையில் ஒரு கல்

மதுரையிலிருந்து வைகையாற்றின் போக்குக்கு எதிராக மேற்கே சென்றால், ஆண்டிப்பட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை என்னும் சிற்றூரை அடையலாம். இன்று தேனி மாவட்டத்தில் உள்ள இவ்வூர், முன்னர் மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. 2006ஆம் ஆண்டில் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத் தொல்லியல் ஆய்வாளர்கள் இங்கு மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். மூன்றிலும் தமிழி எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. கி.மு. 4ஆம் நூற்றாண்டுக்கும் கி.மு. 2ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என இவற்றின் காலத்தை ஆய்வாளர்கள் கணித்துள்ளனர்.

அவற்றுள் ஒரு கல்லில் உள்ள தொடர் மிகச் சிறியது: ‘கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’. கூடலூரில் நடந்த ஆநிரை கவரும் பூசலில் இறந்த, பேடு என்னும் ஊரைச் சேர்ந்த தீயன் அந்தவனின் கல் என்பது இதன் பொருள்.

இத்தொடரில் புகழ்மொழி இல்லை. அரசனின் பெயரும் இல்லை. இறந்தவன் யார், அவன் எவ்வூரினன், எங்கே இறந்தான், எதற்காக இறந்தான் என்னும் நான்கு செய்திகள் மட்டுமே உள்ளன. ஆயினும், இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அம்மனிதனைப் பெயர் சொல்லி நம்மால் குறிப்பிட முடிகிறது. ஒரு வீரனை நினைவுகூர்தல் என்பதன் முதற்கூறு, அவனுடைய பெயரைக் காத்தலே ஆகும்.

ஆறு நிலைகள்

நடுகல் எடுத்தலைத் தொல்காப்பியம் ஒரு முறையான சடங்காகவே விளக்குகிறது. தகுந்த கல்லைத் தேர்ந்து காண்பது காட்சி. அக்கல்லைக் கொள்வதற்குரிய செயலைத் தொடங்குவது கால்கோள். கல்லை நீராட்டுவது நீர்ப்படை. உரிய இடத்தில் நாட்டுவது நடுதல். படையலிட்டுச் சிறப்புச் செய்வது பெரும்படை. இறுதியாக வாழ்த்திப் போற்றுவது வாழ்த்துதல். கல்லை நட்டதோடு கடமை முடிந்துவிடவில்லை. ஊர் கூடி அதனைப் போற்றவும் வேண்டும் என்பதை இவ்வரிசை உணர்த்துகிறது.

சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டம் இதே வரிசையில் அமைந்துள்ளது. காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை என்னும் பெயர்கள் இதற்குச் சான்று. மதுரையில் நீதி கேட்ட கண்ணகிக்கு இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து, கங்கையில் நீராட்டிக் கோவில் எடுத்த செய்தியை இளங்கோவடிகள் வீரனுக்குரிய நடுகல் முறைப்படியே பாடியுள்ளார்.

நடுகற்களில் வீரரின் பெயரையும் பெருமையையும் பொறித்தனர் என்றும், மயிற்பீலி சூட்டி மாலை அணிவித்துக் கள் படைத்து வழிபட்டனர் என்றும் சங்க இலக்கியங்கள் குறிப்பிடுகின்றன. அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபின், அவனுக்கு நட்ட கல்லின் முன் நின்று ஔவையார் வருந்திப் பாடியுள்ளார். பரிசில் நாடிச் செல்லும் கூத்தர், வழியிலுள்ள நடுகற்களை இசையால் போற்றிச் செல்ல வேண்டும் என மலைபடுகடாம் வழிகாட்டுகிறது. முன்பின் அறியாத வழிப்போக்கரும் வணங்கிச் செல்லுமாறு பொதுவழியில் அமைந்த நினைவிடமே நடுகல்.

தெரிந்து தெளிவோம்

நாய்க்கும் ஒரு கல்

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. எருமை மந்தையைக் காத்து உயிர்நீத்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்டது அது. வீரனின் உருவத்திற்கு அருகில் ஒரு நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்வெட்டு கூறுகிறது. உடன் நின்று காத்த உயிரின் பெயரையும் விடாமல் பொறித்த பண்பாடு நம்முடையது.

நள்ளிரவில் பாசறையில்

இறந்த வீரர்க்குக் கல் எடுத்தனர். உயிரோடு இருந்த வீரர்க்கு என்ன செய்தனர்?

இவ்வினாவுக்கு விடையாக ஓர் அரிய காட்சியைப் பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை வழங்குகிறது. நக்கீரர் இயற்றிய இந்நூலின் தலைவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் என்பர். கூதிர்க்காலத்து வாடைக்காற்று வீசுகிறது, மழைத்துளிகள் சிதறுகின்றன. அரண்மனையில் அரசி அவனைப் பிரிந்து துயருறுகிறாள். பாசறையிலோ அரசன் உறங்கவில்லை. வேப்பந்தழை கட்டிய வேலை ஏந்திய வீரன் ஒருவன் முன்னே சென்று, புண்பட்ட வீரரை ஒவ்வொருவராகக் காட்டுகிறான். வாள் தாங்கிய இளைஞன் ஒருவனின் தோளில் கைவைத்து, சிலரோடு மட்டும் நடந்து வரும் அரசன், அவ்வீரர்களை முகமலர்ச்சியோடு நோக்கி ஆறுதல் அளிக்கிறான்.

விழா எடுக்கவோ விருது வழங்கவோ அரசன் அங்குச் செல்லவில்லை. காயமுற்றவனின் அருகில் சென்று நிற்கிறான். தன் துன்பத்தைத் தலைவன் அறிந்திருக்கிறான் என்னும் உணர்வே வீரனுக்குப் பெரிய சிறப்பாகிறது.

ஆறுதல் மட்டும் பசியைப் போக்காது. இதனையும் முன்னோர் உணர்ந்திருந்தனர். பிற்காலக் கல்வெட்டுகளில் உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி, இரத்தக்காணி முதலிய சொற்கள் காணப்படுகின்றன. உதிரம், நெய்த்தோர் இரண்டும் குருதியைக் குறிப்பன. போரிலோ பூசலிலோ உயிர்நீத்தவரின் குடும்பத்தார்க்கு வழங்கப்பட்ட நிலக்கொடைகள் இவை. தந்தையை இழந்த பிள்ளைகள் உழுது உண்பதற்கு ஊரார் அளித்த உரிமை அது.

வீரனின் பெயரைக் கல் காத்தது. அவன் குடும்பத்தைக் காணி காத்தது. இவ்விரண்டும் சேர்ந்ததே முழுமையான சிறப்பு.

ஒரு காவல் தெய்வத்தின் கதை

மதுரைச் சமவெளியின் சிற்றூர்களில் நாயக்கர் கால நடுகற்கள் இன்றும் நிற்கின்றன. கண்மாய்க் கரைகளிலும் ஊர் எல்லைகளிலும் உள்ள அவற்றுக்கு மக்கள் பொங்கலிட்டு வழிபடுகின்றனர். தென் மாவட்டங்களில் ‘பட்டவன்’ என வழங்கும் தெய்வப் பெயர், போரில் பட்டவன், அதாவது இறந்தவன், என்னும் பொருளுடையது. வரலாறு மறைந்துபோன இடங்களிலும் வழிபாடு நிலைத்திருக்கிறது.

மதுரை மீனாட்சியம்மன் கோவிலின் கிழக்குக் கோபுரத்தை ஒட்டி மதுரைவீரன் கோவில் உள்ளது. கள்வரை அடக்கி நகரைக் காத்த அவன், பின்னர் அரண்மனையின் சினத்துக்கு ஆளாகி, மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறந்தான் எனக் கதைப்பாடல் கூறுகிறது. அதன்பின் அவன் அந்நகரின் காவல் தெய்வமானான். இக்கதையை வரலாறாகக் கொள்ளாவிடினும், அது சுட்டும் உண்மை கருதத்தக்கது. வாழும்போது வீரனுக்கு இழைத்த தீங்கை, இறந்தபின் எடுக்கும் கோவிலால் ஈடுசெய்ய முடியுமா? இவ்வினா உலக நாடுகள் அனைத்திற்கும் பொருந்துவது.

உலக நாடுகளின் வழக்கங்கள்

முதல் உலகப்போர் 1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் காலை 11 மணிக்கு ஓய்ந்தது. மறு ஆண்டு முதல் பிரித்தானியாவிலும் அதன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலும் அந்நேரத்தில் இரண்டு நிமிடம் அமைதி காக்கும் வழக்கம் தோன்றியது. போர்க்களங்களில் பூத்த செந்நிறப் பாப்பி மலர் நினைவின் அடையாளமாயிற்று. அம்மலரின் உருவை விற்றுக் கிடைக்கும் பணம் முன்னாள் படைவீரர் நலனுக்குச் செலவிடப்படுகிறது.

அப்போரில் அடையாளம் காண இயலாதவாறு சிதைந்த உடல்கள் எண்ணற்றவை. அவர்கள் அனைவரின் சார்பாகவும், பெயர் அறியப்படாத ஒரு வீரரின் உடலை இலண்டன் வெசுட்மினிசுடர் பேராலயத்தில் 1920ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் அடக்கம் செய்தனர். பாரிசு நகரின் வெற்றி வளைவின் அடியிலும் அத்தகைய வீரர் ஒருவர் துயில்கிறார். 1923ஆம் ஆண்டில் ஏற்றப்பட்ட சுடர் அங்கு எரிகிறது. தன் மகனின் உடலைக் காணாத தாய், ‘இங்கே உறங்குபவன் என் மகனாகவும் இருக்கலாம்’ என்று எண்ணி மலர் தூவ அவ்விடங்கள் வழிசெய்தன.

பெல்சியத்தின் ஈப்பர் நகரில் உள்ள மெனின் வாயிலில், கல்லறை அறியப்படாத 54,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இந்திய வீரர்களின் பெயர்களும் அவற்றுள் உண்டு. 1928 முதல், இரண்டாம் உலகப்போர்க் காலம் நீங்கலாக, நாள்தோறும் இரவு 8 மணிக்கு அங்கே ஊதுகொம்பு இசைத்து அஞ்சலி செலுத்துகின்றனர். ஆசுதிரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஏப்ரல் 25ஆம் நாள் விடியற்காலையில் மக்கள் நினைவிடங்களில் கூடுகின்றனர். 1915ஆம் ஆண்டு அதே நாளில் அந்நாட்டுப் படைகள் துருக்கியின் கலிப்போலிக் கரையில் இறங்கின. அம்முயற்சி தோல்வியில் முடிந்தது. எனினும், தோல்வியுற்ற அப்போரின் வீரரையே அந்நாடுகள் தலையாயவராகப் போற்றுகின்றன.

அமெரிக்காவில் இறந்தோர்க்கும் வாழ்வோர்க்கும் தனித்தனி நாள்கள் உள்ளன. மே மாதத்தின் இறுதித் திங்கட்கிழமை, உயிர்நீத்த வீரரை நினைவுகூரும் நாள். நவம்பர் 11, படையில் பணியாற்றிய அனைவரையும் போற்றும் நாள். 1944ஆம் ஆண்டில் இயற்றிய ஒரு சட்டத்தால், இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பியவர்க்குக் கல்லூரிக் கல்வி, தொழிற்பயிற்சி, வீடு கட்டக் கடன் ஆகியவற்றுக்கு அந்நாடு உதவியது. ஏறத்தாழ 78 இலட்சம் பேர் அதனால் கல்வியும் பயிற்சியும் பெற்றனர். ஆயினும், கறுப்பின வீரர் பலர்க்கு அப்பயன்கள் முழுமையாகக் கிடைக்காதவாறு இனப்பாகுபாடு தடுத்தது. வியட்நாம் போரில் இறந்த 58,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கிய கருங்கல் சுவர், 1982ஆம் ஆண்டில் வாசிங்டனில் எழுப்பப்பட்டது. அங்குப் பதவி குறிப்பிடப்படவில்லை. இறந்த கால வரிசையில் பெயர்கள் மட்டுமே உள்ளன.

பெயர் இல்லாதோர்

முதல் உலகப்போரில் இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 13 இலட்சம் பேர் கடல்கடந்து சென்றனர். 74,000க்கும் மேற்பட்டோர் உயிர்நீத்தனர். போர் முடிந்தபின் நாட்டின் பல ஊர்களில் கல்வெட்டுப் பலகைகள் பதிக்கப்பட்டன. தமிழ்நாட்டிலும் இத்தகைய பலகைகள் உள்ளன. அவ்வூரிலிருந்து எத்தனை பேர் போருக்குச் சென்றனர், எத்தனை பேர் உயிர்நீத்தனர் என்பதையே அவை கூறுகின்றன. சென்றவரின் பெயர்கள் அவற்றில் இல்லை. புலிமான்கோம்பைக் கல்லோடு இவற்றை ஒப்பிட்டு நோக்குக. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இறந்த தீயன் அந்தவனின் பெயரை நாம் அறிவோம். நூறாண்டுக்கு முன் சென்றவரை எண்ணிக்கையால் மட்டுமே அறிகிறோம்.

இக்குறை ஊர்ப் பலகைகளோடு நிற்கவில்லை. 1917ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, இன்று காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் என வழங்கும் அமைப்பு, பதவி, இனம், சமயம் ஆகிய வேறுபாடின்றி அனைவரையும் ஒப்ப மதித்தலைத் தன் கொள்கையாகக் கொண்டது. பிரான்சின் நொவ் சப்பெல் ஊரில் 1927இல் திறக்கப்பட்ட இந்திய நினைவிடத்தில் 4,700க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் உள்ளன. ஆனால், இராக்கின் பசுரா நினைவிடத்தில் கடைநிலை இந்திய வீரர் பல்லாயிரவர் எண்ணிக்கையாக மட்டுமே குறிக்கப்பட்டனர். 2021ஆம் ஆண்டில் அவ்வாணையமே தன் கடந்தகாலத்தை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. 1,16,000 பேர் முதல் 3,50,000 பேர் வரை பெயராலோ எவ்வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை என அது ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. அவர்களுள் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்தவர்கள்.

நினைவிடம் அழிக்கப்பட்டதும் உண்டு. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த தமிழர் பலர் நேதாசி சுபாசு சந்திரபோசின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். அவ்விராணுவத்தில் உயிர்நீத்தோர் நினைவாகச் சிங்கப்பூரில் எழுப்பும் சின்னத்திற்கு 1945ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் நேதாசி அடிக்கல் நாட்டினார். சில வாரங்களில் திரும்பி வந்த பிரித்தானியப் படையினர் அதனைத் தகர்த்தனர். 1995ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அரசு அவ்விடத்தை வரலாற்றுச் சிறப்புடையதாக அறிவித்து அடையாளச் சின்னம் அமைத்தது.

போருக்குப் பலியானவர் வீரர் மட்டுமல்லர். சப்பானியப் படை 1942–43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே அமைத்த 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைப் பணியில் போர்க்கைதிகளோடு, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களும் பெருந்தொகையாக மடிந்தனர். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர்க்குப் பேணப்படும் கல்லறைகள் உள்ளன. தமிழ்த் தொழிலாளர்க்கு நெடுங்காலம் அத்தகைய சிறப்பு இல்லை. அங்கு 2023ஆம் ஆண்டில் அவர்கள் நினைவாக ஒரு கல் நிறுவப்பட்டது. அதனை நிறுவியோர் அதற்கு வைத்த பெயர் ‘நடுகல்’.

நம் நாட்டில்

தில்லியில் 1931ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்தியா வாயில், முதல் உலகப்போரிலும் அதனை அடுத்த போர்களிலும் இறந்த வீரர்க்காக எழுப்பப்பட்டது. அதில் 13,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க்கல்லறைத் தோட்டத்தில் இரண்டாம் உலகப்போரில் இறந்த 850க்கும் மேற்பட்டோர் துயில்கின்றனர். விடுதலைக்குப்பின் நாட்டைக் காத்து உயிர்நீத்தோர்க்கான தேசியப் போர் நினைவகம் 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் தில்லியில் திறக்கப்பட்டது. அதன் வட்டச் சுவர்களில் 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் ஒவ்வொரு கல்லில் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டுள்ளன.

பெயரைக் காக்கும் பணி இவ்வாறு நடைபெறுகிறது. வாழ்வோரைக் காக்கும் பணியோ இன்னும் விரிவானது. நம் படைவீரருள் பலர் நாற்பது வயதை ஒட்டியே ஓய்வு பெறுகின்றனர். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் பருவத்தில் அவர்கள் வேறு தொழிலைக் கற்று வாழ்வைப் புதிதாகத் தொடங்க வேண்டியுள்ளது. போரில் உறுப்பிழந்தோர், கணவரை இழந்த பெண்டிர் ஆகியோரின் தேவைகள் இன்னும் மிகுதி. ஓய்வூதியம், மருத்துவ உதவி, வேலைவாய்ப்பில் இடஒதுக்கீடு, பிள்ளைகளின் கல்விக்கு உதவித்தொகை ஆகியவற்றை அரசு வழங்குகிறது. இவற்றைப் பெற வழிகாட்டும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மதுரை உள்ளிட்ட மாவட்டங்களில் இயங்குகிறது. சனவரி 14ஆம் நாள் முன்னாள் படைவீரர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இந்தியப் படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற நாள் அது. நாம் பொங்கலை வரவேற்கும் நாள்களில் அது வருகிறது.

1949ஆம் ஆண்டு முதல் திசம்பர் 7ஆம் நாள் கொடிநாளாகக் கொண்டாடப்படுகிறது. முப்படைகளைக் குறிக்கும் செந்நிறம், கருநீலம், வெளிர்நீலம் ஆகிய நிறங்களைக் கொண்ட சிறு கொடியைப் பெற்றுக்கொண்டு மாணவர் நன்கொடை தருவதை நீங்கள் அறிவீர்கள். போரால் பாதிக்கப்பட்டோரின் மறுவாழ்வு, பணியிலுள்ள வீரர் குடும்பங்களின் நலம், ஓய்வுபெற்றோரின் நல்வாழ்வு ஆகியவற்றுக்கு அத்தொகை பயன்படுகிறது. சட்டையில் குத்திக்கொள்ளும் அச்சிறு தாள், அன்று ஊர் கூடி அளித்த உதிரப்பட்டியின் இன்றைய வடிவம். அதில் நம் பங்கு சில உரூபாய்களே ஆயினும், எதற்காகத் தருகிறோம் என்பதை அறிந்து தருதல் வேண்டும்.

நிறைவாக

நினைவிடங்களின் உயரத்தைக் கொண்டு ஒரு நாட்டின் நன்றியுணர்வை அளவிட இயலாது. கடைநிலை வீரனின் பெயர் விடுபடாமல் பொறிக்கப்பட்டுள்ளதா? அவன் பிள்ளைகளின் கல்வி தடையின்றித் தொடர்கிறதா? ஊனமுற்றுத் திரும்பியவன் அலைக்கழிக்கப்படாமல் தன் உரிமையைப் பெறுகிறானா? இவ்வினாக்களுக்கான விடையே உண்மையான அளவுகோல். தீயன் அந்தவனுக்குக் கல் நட்டவர்கள் பேரரசர் அல்லர். வைகைக் கரையின் எளிய ஊரார். தம்முள் ஒருவன் இறந்தான் என்பதை மறவாதிருக்க அவர்களுக்கு ஒரு கல்லும் சில எழுத்துகளும் போதுமானவையாக இருந்தன. அவ்வூராரின் கடமை இன்று நம்முடையதாகிறது.

சொல்லும் பொருளும்

ஆகோள் – ஆநிரை கவர்தல்
காணி – நிலம், நில உரிமை
நெய்த்தோர் – குருதி
பாசறை – படை தங்கும் இடம்
கூதிர் – குளிர்காலம்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலோ அருகிலோ உள்ள நடுகல்லைக் கண்டு, அதன் தோற்றத்தையும் அதைப் பற்றி ஊரார் கூறும் செய்தியையும் எழுதுக.
2. உங்கள் பகுதியில் வாழும் முன்னாள் படைவீரர் ஒருவரைச் சந்தித்து, ஓய்வுக்குப்பின் அவர் எதிர்கொண்ட தேவைகள் குறித்து உரையாடிக் குறிப்பெடுக்க.
3. ‘பெயர் பொறித்தலா, வாழ்வளித்தலா – வீரர்க்கு எது பெருஞ்சிறப்பு?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.